மூவாயிரம் ரூபாய்க்குள் காதை முழுதாக மூடும் ஹெட்போன்: எதைப் பார்த்து எடுப்பது?

குழித்துறையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பேருந்தில் கல்லூரிக்குப் போய்வருகிறீர்கள். போகவர இரண்டரை மணி நேரம் பாட்டு, ராத்திரி லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பு. கண்ணாடி போடுகிறவர், போனில் ஹெட்போன் ஜாக் இல்லை. போன தடவை வாங்கியது ஒரே வருஷத்தில் குஷன் உரிந்து கறுப்புச் செதிலாகக் கழுத்தில் ஒட்டியது. 3000 ரூபாய்க்குள் எந்த மாடல் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது மாடல் பெயர்தான். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு மூன்று விஷயம்: எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பாட்டு தெளிவாகக் கேட்குமா, கண்ணாடியோடு ஒரு மணி நேரம் வலிக்காமல் இருக்குமா, நம் குமரி மாவட்டத்து ஈரக் காற்றில் ஒரு வருஷத்துக்கு மேல் உழைக்குமா. இந்த மூன்றையும் தீர்மானிப்பது ஒரே பாகம்தான், குஷன். முதலில் பார்க்க வேண்டியது, அது உங்கள் காதைச் சுற்றித் தோலோடு இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்பது. பிராண்டு, பேட்டரி, ஆப் எல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் அப்படி என்றால், ஹெட்போனுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் டயபிரம் என்ற படலம் மிகச் சிறியது. அறையில் வைக்கும் ஸ்பீக்கர் மாதிரி அதனால் பெரிய காற்றைத் தள்ள முடியாது. குஷனுக்கும் காதுக்கும் நடுவே அடைபட்டிருக்கும் கொஞ்சம் காற்றை அமுக்கி விட்டுத்தான் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியை உண்டாக்குகிறது. அந்தக் காற்று எங்காவது ஒழுகினால் அமுக்கம் நிற்காது. தாழ்ந்த ஒலிகள் முதலில் போய்விடும், குரலும் ஜால்ராவும் மட்டும் மிஞ்சும். சோதித்துப் பார்ப்பது சுலபம். பாட்டு ஓடும்போது ஒரு பக்கத்துக் கப்பை விரலால் ஒரு நூல் அளவு தூக்குங்கள். பேஸ் சட்டென்று காணாமல் போனால் அதுவரை நன்றாக மூடியிருந்தது என்று அர்த்தம். எதுவும் மாறவில்லை என்றால் முதலிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த ஒழுக்கு காதுக்குப் பின்னால், கண்ணாடிக் கால் குஷனைத் தூக்கி நிற்கும் இடத்தில் வரும். கால் தட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தால் பாதிப்பு குறைவு. தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம் என்றால் கூடுதல். குஷன் மெத்தென்று, அழுத்தினால் மெதுவாக மீண்டு வருகிற ஃபோமாக இருந்தால் காலைச் சுற்றி அமுங்கி மூடிக்கொள்ளும். கடினமான, மெல்லிய குஷன் மூடாது. போதாக்குறைக்குக் காலை மண்டையில் அழுத்தி அரை மணி நேரத்தில் வலி கொடுக்கும். ஆகவே கடைக்குப் போகும்போது வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு போங்கள். எந்த மாடல் உங்கள் தலைக்குப் பொருந்தும் என்று எழுத்தில் யாராலும் உறுதி சொல்ல முடியாது. தாடை எலும்பின் வளைவு, காதின் நீட்டம், முடியின் அடர்த்தி எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு.

அடுத்தது, காதை மூடுவதும் காதின் மேல் உட்காருவதும் ஒன்றல்ல. கடையில் இரண்டையும் 'பெரிய ஹெட்போன்' என்றே எடுத்து வைப்பார்கள். சோனி டபிள்யூஎச்-சிஎச்520 நல்ல கருவிதான்: எடை 147 கிராம், கம்பெனி சொல்லும் பேட்டரி 50 மணி நேரம். ஆனால் அது காதின் மேல் உட்காரும் வகை. ஜேபிஎல் டியூன் 510பிடி, போட் ராக்கர்ஸ் 450 இரண்டும் அதே வகை. காதுமடல் மீது அழுத்தி நிற்பதால் கண்ணாடிக்காரர்களுக்கு அது சிரமம், பேருந்து இரைச்சலையும் குறைவாகத்தான் தடுக்கும். நீங்கள் கேட்பது மடலை உள்ளே வைத்துச் சுற்றிலும் மூடுவது. வீட்டில் ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் காதின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 60 மில்லிமீட்டருக்கு முன்பின் இருக்கும். குஷனின் உள்வாய் அதைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். அகலம் 40 மில்லிமீட்டராவது வேண்டும். உள்ளே விரலை விட்டு ஆழத்தையும் பாருங்கள். மடலின் நுனி உள்ளிருக்கும் துணியில் முட்டினால் முதல் பத்து நிமிஷம் தெரியாது, வழியில் தக்கலை வரும்போது காது எரியும்.

இனி இரைச்சல். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை எரிகிறது. நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடினால் விநாடிக்கு 75 தடவை, அதாவது 75 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் என்றால் 50. பேருந்தின் உறுமலில் பெரும்பங்கு இப்படித் தாழ்ந்த ஒலிதான். குஷனும் பிளாஸ்டிக் கப்பும் பேச்சு, விசில், ஜன்னல் கண்ணாடியின் கிலுகிலுப்பு போன்ற மேல் ஒலிகளை நன்றாகவே தடுக்கும். 100 ஹெர்ட்ஸ் அருகே அவற்றால் அநேகமாக எதுவும் செய்ய முடியாது. அங்கேதான் ஏஎன்சி என்கிற இரைச்சல் நீக்கம் உதவுகிறது. வெளியே ஒரு மைக் ஒலியைப் பிடிக்கிறது, உள்ளே அதற்கு நேர் எதிரான அலை உருவாக்கப்படுகிறது, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. சீராக ஓடும் தாழ்ந்த ஒலியில் இது அருமையாக வேலை செய்யும். திடீரென்று அடிக்கும் ஹாரனில், பக்கத்து சீட் பேச்சில் பெரிதாக எதுவும் நடக்காது.

இந்த விலையில் பலர் ஏமாறுவது ஓர் எழுத்தில். பெட்டியில் ஈஎன்சி என்று போட்டிருக்கும், விற்பவர் 'நாய்ஸ் கேன்சலிங் இருக்கு' என்பார். ஈஎன்சி என்பது நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பின்னணிச் சத்தத்தைக் குறைப்பது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. ஏஎன்சி என்ற எழுத்தும், அதைப் போட்டு அணைக்க ஒரு பட்டனும் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் மின்விசிறிக்கோ ஏசிக்கோ அருகே நின்று, பாட்டு இல்லாமல், போட்டுப் போட்டு அணைத்துப் பாருங்கள். 'ம்ம்ம்' என்ற அடிச்சத்தம் குறைகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஏஎன்சிக்கு நம் ஊரில் ஒரு எதிரி உண்டு, காற்று. திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று வெளி மைக்கில் நேராக மோதி, புடைப்பது போன்ற சத்தத்தைக் காதுக்குள் கொண்டுவரும். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தக் காற்றில் திருநெல்வேலி பக்கம் போகிறவர்கள் ஏஎன்சியை அணைத்துவிடுவதே நல்லது. நீங்கள் போகும் மேற்குப் பக்கத்துச் சாலையில் அவ்வளவு இல்லை என்றாலும், ஜன்னல் சீட்டைவிட நடுப்பக்கத்து சீட் மேல். குஷன் ஒழுகினால் ஏஎன்சியும் சரியாக வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே உருவாக்கும் எதிர் அலையும் தாழ்ந்த ஒலிதான், அதுவும் அதே ஓட்டை வழியாக ஒழுகும். அதனால் நன்றாக மூடாத ஏஎன்சியைவிட, நன்றாக மூடும் சாதாரண ஹெட்போன் பல நேரம் மேல்.

வயரா ப்ளூடூத்தா என்பதில் என் கருத்து: பேருந்துக்கு ப்ளூடூத், ஆனால் பக்கத்தில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் துளையும் உள்ள ப்ளூடூத். சார்ஜ் தீர்ந்தாலும் லேப்டாப்பில் வயர் போட்டு வகுப்பு கேட்கலாம். பேட்டரியே ஒருநாள் செத்தாலும் கருவி முழுதாகக் குப்பைக்குப் போகாது. வயர் வழியாகக் கேட்கும்போது ஒலி கொஞ்சம் மாறிக் கேட்கும். ப்ளூடூத்தில் உள்ளே ஓடும் ஒலித் திருத்தம் அப்போது வேலை செய்யாததால் வருவது அது, பழுது இல்லை.

வயர் ஹெட்போனே போதும் என்று முடிவு செய்தால், அதே பணத்துக்கு ஒலி தரம் கூடும், பேட்டரி கவலை இல்லை. ஆனால் உங்கள் போனுக்கு டைப்-சி மாற்றி வேண்டும். அதில் இரண்டு வகை. ஒன்றுக்குள் டிஏசி சிப் இருக்கும். எண்ணாக வரும் ஒலியை அதுவே மின்அலையாக மாற்றும். இன்னொன்றில் வெறும் கம்பி மட்டும், போன்தான் அந்த வேலையைச் செய்து அனுப்ப வேண்டும். இப்போதைய போன்களில் பெரும்பாலானவை அப்படி அனுப்புவதில்லை. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். 'டிஏசி உள்ளது' என்று கேட்டு, உங்கள் போனிலேயே செருகிப் பாட்டு வந்த பிறகு காசு கொடுங்கள். ஹெட்போனின் மின்தடை 16 முதல் 64 ஓம் வரை இருந்தால் போனும் மாற்றியும் தாராளமாக ஓட்டும். 250 ஓம் ஸ்டூடியோ வகைகள் யார் இலவசமாகக் கொடுத்தாலும் உங்கள் தேவைக்கு ஆகாது, சத்தமே போதாது.

ஆன்லைன் வகுப்பில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ப்ளூடூத் ஹெட்போனின் மைக் திறந்தவுடன் ஒலி பழைய லேண்ட்லைன் போல மங்கிவிடும். பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். மைக்கும் சேர்ந்து ஓடும்போது ப்ளூடூத் பேச்சுக்கான முறைக்கு மாறி, தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. கூகுள் மீட்டிலோ ஜூமிலோ ஆடியோ அமைப்புக்குப் போய் மைக்குக்கு லேப்டாப்பின் மைக்கையும், ஸ்பீக்கருக்கு ஹெட்போனையும் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய தெளிவு திரும்பிவிடும். இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணையும் மல்ட்டிபாயிண்ட் வசதி இருந்தால் போனுக்கும் லேப்டாப்புக்கும் மாறி மாறி இணைக்கும் தொல்லையும் மிச்சம்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களில் பலவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒலி எழுப்பும் பாகமான டிரைவர் 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பதிலிருந்து ஒலியின் தரம் தெரியாது. '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கும். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரை அதற்குப் பொருள் இல்லை. எல்டிஏசி, ஆப்ட்எக்ஸ் போன்ற கோடெக் (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களுக்காக இந்த பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எஞ்சின் ஓடும் பேருந்தில் எஸ்பிசி என்ற சாதாரண கோடெக்குக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் பிடிக்க முடியாது. விலை கூடினால் ஒலி கூடும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதல்ல. 2017-இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலி வளைவை அளந்து பார்த்ததில், விலைக்கும் அந்த வளைவுக்கும் தொடர்பு தென்படவில்லை. விலை கூடும்போது கீல், குஷன், ஏஎன்சி, எடை ஆகியவை மேம்படலாம், ஒலியும் சேர்ந்து மேம்படும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேஸ் கொஞ்சம் முன்பின் இருந்தால் போனில் உள்ள ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) சரிசெய்யலாம். குஷன் ஒழுக்கை எந்த ஈக்வலைசரும் சரிசெய்யாது.

பெயர் கேட்டீர்கள், சொல்கிறேன். விலை நாளுக்கு நாள் மாறும், வாங்கும் அன்று பாருங்கள். ஏஎன்சியோடு காதை மூடும் வகையில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது சவுண்ட்கோர் 'க்யூ20ஐ' (Q20i) மாடல்: டைப்-சி சார்ஜ், வயர் ஜாக் இரண்டும் உண்டு, ஏஎன்சி போட்டபடி 40 மணி நேரம் என்று கம்பெனி சொல்கிறது. அதன் முந்தைய வடிவம் லைஃப் க்யூ20. அதில் பழைய மைக்ரோ யுஎஸ்பி. பட்ஜெட்டுக்கு மேல் போனால் காத்திருந்து தள்ளுபடியில் எடுங்கள், வேறொன்றுக்கு அவசரமாகத் தாவ வேண்டாம். ஏஎன்சி இல்லாமல் குறைந்த விலையில் என்றால் போட் ராக்கர்ஸ் 550 காதை மூடும் வகை. வீட்டில் மேசைக்கு மட்டும் என்றால் ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்20எக்ஸ்: 47 ஓம், 190 கிராம். குரலும் வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் அதன் வயர் 3 மீட்டர், கழற்ற முடியாதது. பேருந்தில் காலில் சுற்றும். அதன் பெரிய வசதி, எம்50எக்ஸுக்கு வரும் மாற்றுக் குஷன்களே இதற்கும் பொருந்தும், தேடினால் எப்போதும் கிடைக்கும்.

கடையில் சோதிக்க, விற்பவர் போடும் 'டெமோ' பாட்டை விடுங்கள். எதிலும் நன்றாகக் கேட்கும்படியான பாட்டைத்தான் அவர் போடுவார். உங்கள் போனில் ஒரு நல்ல வில்லுப்பாட்டுப் பதிவை எடுத்துக்கொண்டு போங்கள். குடத்தின் அடி வயிற்றிலிருந்து வரும் முழக்கம், உடுக்கையின் இழுப்பு, ஜால்ராவின் கூர்மை, நடுவில் புலவரின் குரல்: தாழ்விலிருந்து உச்சம் வரை எல்லாம் ஒரே பதிவில் இருக்கிறது. குடம் 'தொம்' என்று விழுந்து உடனே நிற்க வேண்டும். 'தொம்ம்ம்' என்று இழுத்துக் குரலின் மேல் படிந்தால் பேஸ் வீங்கியிருக்கிறது. பேச்சு நிறைந்த வகுப்புக்கு அது களைப்பூட்டும். ஜால்ரா 'ஸ்ஸ்' என்று காதைக் குத்தினால் அரை மணி நேரத்தில் எடுத்து வைத்துவிடுவீர்கள். மிருதங்கம் என்றால் தொப்பியும் (இடது முகம்) வலந்தலையும் (வலது முகம்) தனித்தனியாகப் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். சத்தம் கூடினது எப்போதும் நல்லதாகத்தான் காதுக்குத் தோன்றும், எனவே இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது ஒரே சத்தத்தில் வையுங்கள். பிறகு பாட்டை நிறுத்தி, பத்து நிமிஷமாவது சும்மா போட்டுக்கொண்டே நில்லுங்கள். குனிந்து பாருங்கள், தலையை ஆட்டிப் பாருங்கள். நழுவினால் பிடி போதாது. உச்சந்தலை கடுத்தால் பட்டையின் பஞ்சு போதாது.

குஷன் உரிவதற்கு வருவோம். அந்தக் கறுப்புத் தோல் உண்மையான தோல் அல்ல. துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம். 'புரோட்டீன் லெதர்' என்று எழுதியிருப்பதும் அதேதான். ஈரம் அந்தப் படலத்தின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல வெட்டும், வியர்வையும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் அதை விரைவுபடுத்தும். இரண்டு பருவமழையும் கடல் காற்றும் உள்ள நம் மாவட்டத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் அது நடக்கும். முழுதாகத் தடுக்க வழியில்லை, தள்ளிப்போடலாம். பயணம் முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் குஷனைத் துடையுங்கள். ஈரத்தோடு பைக்குள் அமுக்காமல் அரை மணி நேரம் காற்றில் விடுங்கள், வெயிலில் வேண்டாம். சானிடைசரும் ஸ்பிரிட்டும் படலத்தில் விரிசல் விழ வைக்கும், அவற்றால் துடைக்கக் கூடாது. மருந்துப் பெட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உறையில் போட்டு வையுங்கள். நீளும் பருத்தி உறையைக் குஷன் மேல் மாட்டிக்கொண்டால் வியர்வை நேரடியாகப் படாது, பேஸ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மழையில் நனைந்தால் சார்ஜ் போடாமல் ஒரு நாள் உலரவிடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் ஏறினால் துளைக்குள் இருக்கும் தொடுமுனை அரித்துப்போகும்.

எப்படியும் ஒருநாள் குஷன் போகும். அதனால் வாங்கும்போதே அது கழன்று வருமா என்று பாருங்கள். விளிம்பில் நகத்தை விட்டு இழுத்தால் துணி மடிப்பு கப்பின் பள்ளத்திலிருந்து வெளியே வந்தாலோ, திருகியதும் உள்வளையம் 'டக்' என்று கழன்றாலோ நல்லது. பசையால் ஒட்டியிருந்தால் அந்த மாடலைத் தவிர்த்துவிடுங்கள், உங்கள் பழைய ஹெட்போனுக்கும் ஒருவேளை அதுதான் குறையாக இருந்திருக்கும். மாற்றுக் குஷன் ஆர்டர் செய்யும்முன் கப்பின் தட்டை நீளமும் அகலமும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்பதை நம்பி எடுத்தால் மடிப்பு இறுகாமல் ஒழுகும். அசலைவிட மிகத் தடித்தது, வெல்வெட் துணியால் ஆனது இரண்டும் ஒலியை மாற்றும்: தடித்தது டிரைவரைக் காதிலிருந்து தள்ளும், வெல்வெட் பேஸை ஒழுகவிடும். பழைய ஹெட்போனைத் தூக்கிப் போட்டிராவிட்டால், உள்ளே பாட்டு நன்றாகக் கேட்கிறது என்றால், முதலில் அதற்குக் குஷன் மட்டும் கிடைக்குமா என்று தேடுங்கள். சில நூறு ரூபாயில் வேலை முடியலாம்.

சத்தத்தின் அளவு பற்றியும் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவுப்படி பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. ஆறு நாள் கல்லூரி என்றால் பயணத்திலேயே வாரத்துக்கு 15 மணி நேரம் ஆகிவிடுகிறது, வகுப்பு தனி. வீட்டில் அமைதியாக இருக்கும்போது எந்த வால்யூமில் வசதியாகக் கேட்கிறீர்களோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, பேருந்தில் அதைவிட இரண்டு படிக்கு மேல் ஏற்றாமல் இருங்கள். அதற்கும் மேல் ஏற்றினால்தான் கேட்கிறது என்றால் குஷன் சரியாக மூடவில்லை. இறங்கிய பிறகு காதில் 'கீ' என்று ஒலித்தால் அன்றைக்குப் போதும் என்று எடுத்து வைத்துவிடுங்கள். சாலையைக் கடக்கும்போதும் இருசக்கர வண்டியிலும் காதை மூடும் ஹெட்போன் கூடவே கூடாது.

கடைசியாக, வாங்கும் நேரத்தில் செய்ய வேண்டியது. வயர் இல்லாத ஹெட்போன்களுக்கு இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' என்று தொடங்கும் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவு என்று காட்டும், போலியைப் பிடிக்க அது நல்ல வழி. பில்லில் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி ஒரு வருஷம் என்றாலும் குஷன் உரிவதைப் பெரும்பாலும் அதில் சேர்க்கமாட்டார்கள். ஆன்லைனில் எடுத்தால் 'திருப்பிக் கொடுக்கலாம்' என்று இருக்கிறதா, 'மாற்றிக் கொடுப்போம்' என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். பின்னதில் உங்களுக்குப் பொருந்தாத அதே மாடல்தான் மறுபடியும் வரும். வந்த அன்றைக்கே கண்ணாடியோடு ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள், மறுநாள் அதே பேருந்தில் ஒருமுறை. உறையையும் பிளாஸ்டிக் தாளையும் அதுவரை கிழிக்காமல் வைத்திருங்கள்.